பலகாரத் தட்டும் பால்மரக் காடும்

பேராக்கின் தோட்டப்புறங்களில் டிசம்பர் மழை மாதம். மரப்பட்டை நனைந்திருக்கும்போது வெட்டினால் பால் கோப்பையில் இறங்காது; பட்டையின் மீதே பரவி மழைநீரோடு கலந்து வீணாகும். ஆதலின் விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் அன்று வேலையில்லை, வேலையில்லையெனில் கூலியில்லை. கை சுருங்கிய இப்பருவத்தில்தான் தோட்டத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கிறிஸ்து பிறப்பு விழா வந்தது. அன்று வாசலுக்கு வந்தவர் எவராயினும் பலகாரம் உண்ணாமல் திரும்பலாகாது என்பது அக்குடும்பங்கள் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட விதி. வருவாய் குறைந்த மாதத்தில் இத்துணைச் செலவை ஏன் விரும்பி ஏற்றனர் என்னும் வினாவுக்கு விடை, வந்த விருந்தினர் யாவர் என்பதிலே அடங்கியுள்ளது.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள் என்பதைத் தமிழ் பயில்வோர் அறிவர். உறவினர் வந்து உண்பது ஒன்று. புதியவர் வந்து உண்பது வேறொன்று. வள்ளுவரும் விருந்தோம்பலை 9ஆம் அதிகாரமாகவும் சுற்றந்தழாலை 53ஆம் அதிகாரமாகவும் பிரித்தே வைத்தார். தோட்டத்துக் கிறிஸ்துமஸ் விருந்து இவற்றுள் முன்னதைச் சார்ந்தது. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியருள் கிறிஸ்தவர் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர். இந்துக்கள் 86 விழுக்காட்டினர். நாடளாவிய இக்கணக்கைப் பழைய லயங்களுக்கு அப்படியே ஏற்றிச் சொல்ல இயலாது. எனினும், இருபது கதவுகள் கொண்ட ஒரு லயத்தில் ஒன்றிரண்டு கதவுகளுக்குப் பின்னேதான் கிறிஸ்துமஸ் பலகாரம் வெந்தது என்று கருதிக்கொண்டால் பெரும்பிழை நேராது. ஆக்கியோர் சிலர், உண்டோர் பலர். ஆகவே உண்டோரின் நாவும் நோன்பும் ஆக்கியோரின் அடுப்பை ஆண்டன. கிறிஸ்துமஸ் பலகாரம் வெள்ளைக்காரரிடமிருந்து வந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. பேராக்கின் தட்டைப் பொறுத்தவரை அக்கூற்றில் கால்பங்கு உண்மைகூட இல்லை.

பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ 1877இல் கோலாகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நடுவித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்குக் கிராக்கி ஏற்பட்டபோது, தமிழகத்து மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் பல்லாயிரவராக வந்து சேர்ந்தனர். அவர்களுள் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இருந்தனர். அதற்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பின்னாளில் மலாக்கா ஆயராக விளங்கிய பிரெஞ்சுக் குருவானவர் ஃபே, பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென ஒரு குடியிருப்பை உருவாக்கியிருந்தார். ஈப்போ நகரின் தமிழ்க் கத்தோலிக்கர் சிலிபினில் உள்ள லூர்து மாதா ஆலயத்தில் கூடினர். தோட்ட அலுவலகங்களில் கிராணிமாராகப் பணியாற்றிய மலையாளிகளிடையே சிரியக் கிறிஸ்தவர் இருந்தனர். 1885இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட் துறைமுகத்திற்கும், அதாவது இன்றைய கோலா செபெத்தாங்கிற்கும், இடையே மலாயாவின் முதல் இருப்புப்பாதை ஓடத் தொடங்கியது. அதன்பின் இருப்புப்பாதைப் பணிக்கும் அரசாங்கப் பணிக்கும் யாழ்ப்பாணத்துத் தமிழர் வந்தனர். இவர்கள் கிறிஸ்துமஸை 'நத்தார்' என்றழைத்தனர். போர்த்துக்கீசியரின் 'நத்தால்' என்னும் சொல்லின் திரிபு அது.

இவ்வாறு மூன்று கரைகளிலிருந்து வந்த மூவர் சமையலும் ஒரு பலகாரத்தில் சந்தித்தது. அதுதான் அச்சு முறுக்கு. மலையாளிகள் அதனை அச்சப்பம் என்பர். இந்தியாவின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் 'ரோஸ் குக்கி' இதுவே. இலங்கையில் இதன் பெயர் கொக்கிஸ். சிங்களவர் அதனைச் சித்திரைப் புத்தாண்டுத் தட்டில் வைப்பர். கொக்கிஸ் என்பது டச்சு மொழியில் சிறிய பணியாரத்தைக் குறிக்கும் 'கூக்யே' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தில் இன்று வழங்கும் 'குக்கி'க்கும் அச்சொல்லே தாய். டச்சுக்காரர் மலாக்காவை 1641இலும் யாழ்ப்பாணத்தை 1658இலும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியவர்கள் என்பதை இங்கு நினைவிற்கொள்ளுதல் தகும். மலாய்க்காரர்கள் இதே பலகாரத்தைக் குவே ரோஸ் என்று பெயரிட்டு நோன்புப் பெருநாளுக்குச் செய்கின்றனர். இவ்வளவும் போதாதென்று, வடக்கே பனிநாடான நார்வேயிலும் கிறிஸ்துமஸ் காலத்தில் இதே போன்ற பூவச்சை மாவில் தோய்த்துப் பொரிக்கின்றனர். அங்கே கோதுமை மாவும் பசும்பாலும். இங்கே அரிசி மாவும் தேங்காய்ப் பாலும். அச்சு ஒன்று, வார்த்த மண் வேறு.

அச்சு முறுக்கின் வெற்றி கையிலன்று, சூட்டில் இருக்கிறது. நீண்ட கம்பியின் நுனியில் பூவடிவமாய் அமைந்த அச்சை முதலில் கொதிக்கும் எண்ணெயிலே அமிழ்த்திக் காய வைக்கவேண்டும். காய்ந்த அச்சை மாவுக் கரைசலில் முக்கால் பாகம் மட்டுமே தோய்த்தெடுக்க வேண்டும். விளிம்பையும் தாண்டி முழுகிவிட்டால் மாவு மேற்புறத்தை மூடிக்கொள்ளும். பின்னர்ப் பூ அச்சைவிட்டுக் கழலாது. சூடு குறைந்தால் மாவு அச்சில் ஒட்டிக்கொள்ளும். மிகுந்தால் தோய்க்கும்போதே வெந்து கரைசலுக்குள் உதிரும். மொறுமொறுப்புக்காகச் சிறிது சுண்ணாம்புத் தெளிநீர் சேர்ப்பதும் உண்டு. புது அச்சு எவருக்கும் எளிதில் பணியாது. பல நாள் எண்ணெய் குடித்துப் பழகிய அச்சே நன்கு பூக்கும். ஆகையால் லயத்தில் பழகிய அச்சுக்கு மதிப்பு மிகுதி. அஃது எல்லார் வீட்டிலும் இருக்கும் பொருளன்று, இரவல் சென்றது. தீபாவளிக்கு இந்து வீட்டில் பொரித்த அச்சே, ஆறேழு வாரங்கள் கழித்துக் கிறிஸ்தவர் வீட்டு அடுப்பில் ஏறியது. எரிந்தது பால்மரத்து விறகு. பலகாரம் சுடும் இரவுகளில் அடுத்த கதவுப் பெண்களும் வந்து அமர்ந்து மாவு பிசைந்தனர், உரல் பிழிந்தனர். எந்தச் சமயத்தார் பண்டிகை என்பதை அடுப்பைப் பார்த்துச் சொல்ல இயலாத இரவுகள் அவை.

கேக்கின் வரலாறு வேறு. லயத்து வீட்டில் விறகடுப்பு உண்டு, வேகுபெட்டி இல்லை. துரையின் பங்களாவில் அது இருந்தது. அங்கே சமையற்காரராகவும் ஆயாவாகவும் பணிபுரிந்தவர் வழியே, முட்டை அடித்துச் செய்யும் ஐரோப்பியப் பலகாரத்தின் பக்குவம் வெளியே வந்தது. ஈப்போவில் 1907இல் தோன்றிய கான்வென்ட் போன்ற பள்ளிகளில் மனையியல் கற்ற மகளிர் மற்றொரு வழி. ஆனால் வேகுபெட்டி இல்லாத வீட்டில் கேக்கை எங்ஙனம் வேகவைப்பது? விடை பக்கத்துக் கம்பத்திலேயே இருந்தது. மலாய்க்காரர் பாவுலு என்னும் சிறு முட்டைப் பணியாரத்தைப் பித்தளை அச்சில் ஊற்றி, அடியிலும் மூடியின் மேலும் தணல் வைத்து வேகவைப்பர். பாவுலு என்பதும் போர்த்துக்கீசியரின் 'போலு' என்னும் சொல்லிலிருந்து வந்ததாகவே கொள்ளப்படுகிறது. அவர்கள் மலாக்காவைப் பிடித்தது 1511இல். தோட்டத்துத் தமிழர் அம்முறையையே பின்பற்றினர். தகரத்தில் மணல் பரப்பி, அதன்மீது தட்டை வைத்து மூடி, மேலும் கீழும் தணலிட்டனர். ஆங்கிலேயனின் கேக் மலாய்க்காரரின் தணலில் வெந்து தமிழர் தட்டுக்கு வந்தது என்பதே இதன் சுருக்கம்.

தட்டில் கேக்குக்குக் கிடைத்த இடமும் கருதத்தக்கது. கிறிஸ்து பிறப்பு விழா மார்கழியில் வரும். மார்கழியில் புலால் மறுத்து நோன்பிருக்கும் இந்துக் குடும்பங்கள் பல. முட்டை கலந்த எதையும் அவர்கள் தொடார். மலாய்க்காரரும் தமிழ் முஸ்லிம்களும் வரும் வீட்டில் பன்றிக்கொழுப்பும் மதுவில் ஊறிய உலர்பழமும் ஆகா. ஆங்கிலேயரின் கிறிஸ்துமஸ் கேக்கிற்கு மதுவே மணம் என்பர். அந்த மணத்தைத் தோட்டத்துத் தாய்மார் விலக்கினர். முறுக்கு, நெய்யுருண்டை, அதிரசம் ஆகியவை தட்டின் நடுவே அமர்ந்தன. முட்டை சேராத அச்சு முறுக்கு தனித் தகரத்தில் எடுத்து வைக்கப்பட்டது. கேக் ஓரத்திலோ வேறு தட்டிலோ இருந்தது. விழா கொண்டாடியவரின் சமயம் எதையும் விலக்கச் சொல்லவில்லை. விருந்தினரின் சமயம் விலக்கியதைத் தாமும் விலக்கினர். இது பெருந்தன்மை என்று எவரும் எண்ணிச் செய்ததாகத் தெரியவில்லை. வந்தவர் உண்ணாமற் போனால் வீட்டுக்கு இழுக்கு என்னும் எளிய அச்சமும் அதில் கலந்திருந்தது.

துணியால் மூடிய தட்டு பக்கத்து வீட்டுக்குச் சென்றால் வெறுந்தட்டாய்த் திரும்பாது. ஒரு பிடிச் சர்க்கரையேனும் அதில் இருக்கும். அதைவிடப் பெரிய கணக்கு ஒன்றும் உண்டு. தீபாவளிக்கு வாங்கி உண்ட வீடுகள் பதினெட்டு என்றால், கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கவேண்டிய தட்டுகளும் பதினெட்டு. மழை மாதத்தில் மளிகைக் கடையில் கடன் ஏறியதற்குக் காரணம் இதுவே. முன்னைய வினாவுக்கு விடையும் இதுவே. அச்செலவு ஆடம்பரம் அன்று. திருப்பிச் செலுத்தும் கடன்.

இக்கொடுக்கல் வாங்கலை இருமுறை வரலாறு நெரித்தது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். அம்மாதத்திலேயே ஈப்போ குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில் பிரிட்டிஷ் படை நகரைக் கைவிட்டுத் தெற்கே நகர்ந்தது. டிசம்பர் 30ஆம் நாள் கம்பாரில் போர் மூண்டது. பேராக்கில் அவ்வாண்டு விருந்தினராக வந்தவர் அகதிகளே. போருக்கு முன்னர் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைப் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து பெற்று வந்தது. அவ்வரவு நின்றது. 1942, 1943, 1944 ஆகிய மூன்று கிறிஸ்துமஸ்களும் மரவள்ளிக் கிழங்கில் கழிந்தன. கிழங்கைத் துருவி, பிழிந்து, கிடைத்தால் தேங்காயும் வெல்லமும் கூட்டிச் சுட்ட அடையே பலகாரம். சயாம் மரண இரயில்பாதைக்குத் தோட்டத்து ஆண்கள் கொண்டு செல்லப்பட்டதால் பல கதவுகளுக்குப் பின்னே தட்டு வைக்க ஆளில்லை.

இரண்டாவது நெருக்கடி 1948 ஜூன் 16ஆம் நாள் பேராக்கிலேயே தொடங்கியது. சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் ஐரோப்பிய நிருவாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர், அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. லயங்கள் முள்வேலிக்குள் அடைபட்டன. காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு செல்லலாகாதென அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. உணவுப்பொருளை வேலிக்கு வெளியே கொண்டு செல்வது குற்றமாயிற்று. வாயிலிலே உடைமைகளைச் சோதித்தனர். மலாயாவின் சில வட்டாரங்களில் அரிசியை வீடுகளுக்குக் கொடாமல் பொதுச் சமையற்கூடத்தில் சோறாக்கி வழங்கும் முறையும் இருந்தது. முறுக்கு மாவும் அரிசியே. போரின்போது கொடுப்பதற்குப் பொருள் இல்லை. இப்போது பொருள் சிறிது இருந்தும் கொடுப்பதே குற்றமாகக்கூடும். வேலிக்கு அப்பால் இருந்த சீனர் கடைக்கும் மலாய்க் கம்பத்துக்கும் தட்டு போகும் வழி அடைபட்டது. வேலிக்குள்ளே மட்டும் தட்டு சுற்றியது. ஊரடங்கு இருந்த இடங்களில் நள்ளிரவுத் திருப்பலிக்கு நகரம் செல்லவும் வழியில்லை. 1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றது. பன்னிரண்டு ஆண்டுகள் என்பது ஒரு குழந்தை பிறந்து, முறுக்குப் பிழியக் கற்கும் காலம். வேலிக்கு வெளியே தட்டு கொண்டு சென்று அறியாத ஒரு தலைமுறை அதற்குள் வளர்ந்துவிட்டது.

போரும் வேலியும் அழிக்காத பழக்கத்தைக் குலைத்தது தோட்டங்களின் முடிவு. ஐம்பதுகளின் இறுதியிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்நெருக்கடிக்கு எதிராகவே. பின்னர்ப் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. ஒரே லயத்தில் வாழ்ந்த இருபது குடும்பங்கள் ஈப்போவின் புறநகர்களுக்கும் தலைநகருக்கும் சிதறின. புதிய வீடுகளில் எரிவாயு அடுப்பும் மின்சார வேகுபெட்டியும் உண்டு; கேக் இன்று எளிது. தட்டுக்குப் பதில் விருந்தினரை நேரங்குறித்து அழைக்கும் திறந்த இல்ல உபசரிப்பு வந்துள்ளது. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் கூடி உண்ணும் அவ்வழக்கத்தைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும் அழைப்புப் பெற்று வருபவர் விருந்தினர் என்பதும், தட்டு தானாகச் சென்ற வீடு அழைப்பை எதிர்பார்த்ததில்லை என்பதும் வேறுபட்ட இரு நிலைகள். முறுக்கும் குவே ரோஸும் சந்தையில் நெகிழிப் போத்தல்களில் விற்கின்றன. கிறிஸ்தவர் வீட்டில் கிறிஸ்துமஸுக்கும் மலாய்க்காரர் வீட்டில் பெருநாளுக்கும் வைக்கப்படும் பூ ஒரே வியாபாரியின் கைவேலையாகவும் இருக்கலாம்.

பழைய அச்சுகள் மட்டும் சில வீடுகளில் எஞ்சியுள்ளன. எண்ணெய் குடித்துக் கறுத்த அந்த இரும்புப் பூவை டிசம்பரில் ஒருநாள் வெளியே எடுக்கின்றனர். முன்பு ஒரே லயத்தில் அடுத்தடுத்த கதவுகளில் வாழ்ந்து, இப்போது பேருந்தேறி வரவேண்டிய தூரத்தில் இருக்கும் முதிய பெண்கள் இருவர் மூவர் அன்று வந்து சேர்கின்றனர். அவர்களுள் ஒருத்தி நெற்றியில் திருநீறு அணிந்தவளாக இருப்பாள். அச்சைக் காய வைக்கும் பொறுப்பு பெரும்பாலும் அவளுடையது.