கடதாசிப் பூவும் பெயர் கிடைக்காத பெண்ணும்

நம் வீட்டு மதில்களில் படர்ந்து நிற்கும் கடதாசிப் பூவின் மறுபெயர் போகன்வில்லா. அது ஒரு பிரெஞ்சுக் கப்பல் தலைவரின் பெயர். 1766இல் உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட பயணத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர்.

அந்தப் பயணத்தின் தாவரவியலாளர் கொமர்சன். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்களில் பெண்களுக்கு அன்று இடமில்லை. எனவே ஜீன் பாரே என்ற ஏழைப் பெண் ஆண் வேடமிட்டு அவரது உதவியாளராகக் கப்பலேறினார்.

1767இல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் இந்தச் செடி சேகரிக்கப்பட்டது. கொமர்சனுக்குக் காலில் புண். ஆகவே தேடிப் பறித்தவர் பாரேயாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதுவோர் உண்டு. பெயர் மட்டும் தலைவருக்குப் போனது.

உலகைச் சுற்றிய முதல் பெண்ணாக அறியப்படுபவர் அவரே. 1785இல் பிரெஞ்சு அரசு அவருக்கு ஓய்வூதியம் வழங்கியது. கொமர்சன் ஒரு செடிக்கு அவர் பெயரை வைக்க நினைத்தார், அது நிலைக்கவில்லை. 2012இல்தான் கத்தரிக் குடும்பத்துச் செடி ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

இந்தச் செடியில் நிறமாகத் தெரிவது பூவல்ல, இலை. நடுவிலுள்ள சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. சாடியை நல்ல வெயிலில் வையுங்கள். மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். பூத்து முடிந்ததும் கிளைகளை வெட்டிவிடுங்கள். புதுத் துளிரில்தான் மறுபடி பூக்கும்.

நம் வீடுகளில் இவற்றைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் உம்மாமார்தான். பிள்ளைகளுக்குப் போகன்வில்லா என்ற பெயரோடு பாரேயின் கதையையும் சொல்லிக் கொடுங்கள்.