முற்றத்துக்கு வந்த நாற்காலி: ஸ்டூடியோவுக்கு வெளியே உருவப்படம்

உருவப்படம் ஸ்டூடியோவில் பிறந்து, கேமரா எளிதான பிறகே வெளியே வந்தது என்று பொதுவாக நினைக்கிறோம். ஆனால் 1839-இல் பிலடெல்பியாவில் ராபர்ட் கார்னீலியஸ் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட டாகுரோடைப் படமே குடும்பக் கடைக்கு வெளியே, திறந்தவெளியில் எடுக்கப்பட்டதுதான். படம் பதியும் அன்றைய தட்டுகளுக்கு வெயில் தேவைப்பட்டது. வெளியே வந்தது வெளிச்சத்துக்காக, இடத்துக்காக அல்ல. இடம் எப்போது படத்துக்குள் வந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1843 மே மாதம் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுபட்டது. வெளியேறிய போதகர்களை ஒரே ஓவியத்தில் தீட்ட எண்ணிய ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில், நூற்றுக்கணக்கான முகங்களைப் பதிவுசெய்ய புகைப்படக்காரர் ராபர்ட் ஆடம்சனுடன் சேர்ந்தார். எடின்பரோவில் கால்ட்டன் குன்றிலிருந்த ராக் ஹவுஸ் வீட்டின் வெளிப்புறமே அவர்களுடைய களம். நாற்காலி, மேசை, புத்தகம், திரைச்சீலை எல்லாம் வெயிலுக்குத் தூக்கி வரப்பட்டன. படத்தில் போதகர் தம் வாசிப்பறையில் இருப்பதுபோலத் தோன்றுவார். நிழலைக் கவனித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எந்த வாசிப்பறையிலும் அவ்வளவு அழுத்தமான நிழல் விழாது. கன்னத்தில் ஊன்றிய கையும் வெறும் சிந்தனைக் கோலமல்ல, தலை அசையாதிருக்க ஒரு முட்டு.

அதே இருவர் அருகிலிருந்த நியூஹேவன் மீனவர் குடியிருப்புக்குப் போனபோது எதையும் மறைக்கவில்லை. படகும் மீன்கூடையும் தாமாகவே படத்துக்குள் வந்தன. இந்த வேறுபாட்டைத் தொழில்நுட்பத்தால் விளக்க முடியாது. கேமரா ஒன்றே, முறையும் ஒன்றே. கனவான் என்றால் அறை, உழைப்பாளி என்றால் கரை. அந்தஸ்தே பின்னணியைத் தீர்மானித்தது என்பது என் கருத்து.

இந்த எல்லையை மீறிய படம் 1857-இல் வந்தது. லண்டன் மில்வாலில், 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பலை நீரில் இறக்கத் தயாராயிருந்த பெருஞ்சங்கிலிகளின் முன், பொறியாளர் புருனலை ராபர்ட் ஹவுலட் நிற்க வைத்தார். வாயில் சுருட்டு, கைகள் பையில், காற்சட்டையில் சேறு. கனவானுக்கும் வேலையிடம் உண்டு என்று அந்தச் சேறு சொல்லிவிடுகிறது.

ஜெர்மனியில் ஆகஸ்ட் சாண்டர் இதைத் தலைகீழாக்கினார். கொலோனில் சொந்த ஸ்டூடியோ இருந்தும் வெஸ்டர்வால்டுக் கிராமங்களுக்குப் போய்ப் படமெடுத்தவர் அவர். 1914-இல் எடுத்த இளம் உழவர் மூவரின் படத்தில் ஏரோ மாடோ இல்லை. சூட், தொப்பி, கைத்தடி, பின்னால் மங்கிய வெளி. உழவனைக் கனவானாகவே நிறுத்தினார்.

செயற்கை ஒளியைக் கையோடு கொண்டுபோக முடிந்ததும் வெயிலின் பிடி விட்டது. 1963-இல் எஸ்ஸென் நகரத் தொழிற்சாலையில் ஆர்னால்ட் நியூமன், தொழிலதிபர் ஆல்ஃப்ரீட் க்ரூப்பை இரு பக்கமும் விளக்கு வைத்து எடுத்தார். அடிமை உழைப்பைப் பயன்படுத்தியதற்காக 1948-இல் நியூரம்பர்க்கில் தண்டிக்கப்பட்டவர் க்ரூப், நியூமன் யூதர். படத்தில் க்ரூப்பின் சொந்த ஆலையே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

1979 முதல் 1984 வரை அமெரிக்க மேற்கில் திரிந்த ரிச்சர்ட் அவெடான், அந்த இடத்தையே துடைத்தெறிந்தார். திறந்தவெளி நிழலில் வெள்ளைத் தாளைக் கட்டி, சுரங்கத் தொழிலாளர்களை அதன் முன் நிறுத்தினார். தாளுக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது அவர்கள் மேல் படிந்திருந்த கரி மட்டுமே.