புகைபோக்கியின் பீங்கான் சட்டை

குளிர்நாட்டு வீடுகளில் கணப்பு அடுப்பு இன்றியமையாதது. அடுப்பு இருந்தால் புகைபோக்கியும் இருந்தாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய நகரங்களில் மாளிகையின் முகப்பு எவ்வளவு எழிலாக இருந்தாலும், கூரையின்மேல் கரி படிந்த செங்கற் குழாய்கள் வரிசையாக நின்று கண்ணை உறுத்தின. அவற்றை எப்படி மறைப்பது?

அதற்கு முன், புகை ஏன் மேலே செல்கிறது என்பதைப் பார்ப்போம். 20 டிகிரி செல்சியசில் ஒரு கனமீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். அதே காற்றை 200 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு கனமீட்டரின் நிறை 0.75 கிலோகிராமாகக் குறைகிறது. புகைபோக்கியின் உயரம் 10 மீட்டர் என்று கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். வெளியே உள்ள குளிர்ந்த காற்றுக்கும் உள்ளே உள்ள வெப்பக் காற்றுக்கும் இடையே கிடைக்கும் அழுத்த வேறுபாடு சுமார் 44 பாஸ்கல் மட்டுமே. நான்கரை மில்லிமீட்டர் உயர நீர் தரும் அழுத்தம்தான் இது!

இந்தச் சிறிய விசையே புகை முழுவதையும் வெளியேற்றுகிறது. புகைபோக்கியின் வாயைக் குறுக்கினால் இழுப்பு குறையும். கார்பன் மோனாக்சைடு அறைக்குள்ளேயே தங்கும். நிறமும் மணமும் அற்ற அந்த நச்சு வாயு, உறங்குபவரை உறக்கத்திலேயே கொன்றுவிடக் கூடியது. ஆகவே புகைபோக்கியை அலங்கரிக்கலாம், அடைக்கக் கூடாது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் உள்ளது. கட்டடக் கலைஞர் அந்தோனி கௌதி (1852–1926), எவுசேபி குவெல் என்ற தொழிலதிபருக்காக 1886இல் ஒரு மாளிகையைக் கட்டத் தொடங்கினார். அதன் கூரையில் புகைபோக்கிகளும் காற்றுப்போக்கிகளுமாக இருபது உள்ளன. கௌதி அவற்றை ஒளித்து வைக்கவில்லை. விதவிதமான வடிவங்களில் நிமிர்ந்து நிற்கச் செய்து, பலவற்றின் வெளிப்புறத்தில் உடைந்த பீங்கான் ஓடுகள், கண்ணாடி, சலவைக்கல் ஆகியவற்றின் துண்டுகளைப் பதித்தார். இம்முறைக்குத் 'திரென்கதீஸ்' என்று பெயர். 'உடைத்தல்' என்று பொருள்படும் கத்தலான் மொழிச் சொல்லிலிருந்து வந்தது அது.

உடைந்த துண்டுகள் எதற்கு? தட்டையான முழு ஓடு, வளைந்த பரப்பில் படியாது. துண்டுகள் சிறியவையானால் எந்த வளைவிலும் படியும். பக்கங்களை மிகுதியாக்க மிகுதியாக்கப் பல்கோணம் வட்டத்தை நெருங்குவதைக் கணிதத்தில் படித்திருப்பீர்களே, அதே தத்துவம்தான்! மேலும், ஓட்டின் பளபளப்பான மேற்பூச்சு நீரை உறிஞ்சாது. மழையில் நனைந்தாலும் கெடாது.

1912இல் நிறைவுற்ற காசா மிலா என்ற கட்டடத்தில் கௌதி இன்னும் ஒரு படி மேலே சென்றார். அங்கே சில புகைபோக்கிகளின் தலைப்பகுதியை மூடியிருப்பவை உடைந்த மதுப் புட்டிகளின் பச்சைக் கண்ணாடித் துண்டுகள்! குப்பைக்குப் போக வேண்டிய பொருள் கூரைக்கு அணியாயிற்று. இவ்விரு கட்டடங்களையும் யுனெஸ்கோ 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. இத்தனை அலங்காரத்திலும் புகை செல்லும் வழி அடைபடவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

உங்கள் வீட்டிலும் சமையலறைக் காற்றுப்போக்கியோ, குளிர்ப்பெட்டியின் பின்புறக் கம்பிச் சட்டமோ அழகற்றதாகத் தோன்றலாம். அட்டையோ பலகையோ வைத்து மூடுமுன், அது செய்யும் வேலை என்ன என்று எண்ணிப் பாருங்கள். காற்று போகும் வழியை விட்டுவிட்டு, பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் அழகுபடுத்துங்கள்.