புத்தகத்தை மூடினால்தான் படிப்பு

எஸ்பிஎம் தேர்வில் மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாதவருக்குச் சான்றிதழ் இல்லை. வரலாற்றுக்கு இந்த நிபந்தனை 2013இல் வந்தது. தமிழ்ப்பள்ளியில் தமிழில் கற்ற அப்பாடத்தை இடைநிலைப்பள்ளியில் மலாயில் கற்கும் மாணவர் பலர், வண்ணப் பேனாவால் கோடிட்டுத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றனர். அது போதாது.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் ஆகியோரின் 2006ஆம் ஆண்டு ஆய்வில், மாணவர்கள் ஒரு பகுதியை இருமுறை வாசித்தனர். இன்னொன்றை ஒருமுறை வாசித்துவிட்டுப் பார்க்காமல் எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை வாசித்ததே முந்தியது: 81 விழுக்காடு, மற்றது 75. ஒரு வாரம் கழித்தோ, எழுதிப் பார்த்ததில் 56 விழுக்காடு நினைவிருந்தது, வாசித்ததில் 42தான். படித்த உடனே எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றுவது இதனால்தான்.

ரீட் ஆணையம் பற்றிப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அது எதற்காக அமைக்கப்பட்டது, என்ன பரிந்துரைத்தது என்று வெற்றுத்தாளில் மலாயிலேயே எழுதலாம். விடை தெரிந்தும் மலாய்ச்சொல் வராத இடங்கள் அப்போதுதான் தெரியவரும். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு இது முக்கியம். விட்டவற்றைச் சிவப்பு மையில் சேர்த்து, சில நாள் கழித்து மீண்டும் எழுதலாம். கடந்த ஆண்டுத் தேர்வுத்தாள்களையும் விடைகளைப் பார்க்காமல் செய்தால்தான் பயன்.