விடுபட்ட நூற்றாண்டு: ஈரிலக்க ஆண்டும் நிலப் பத்திரமும்

பழைய கணினி அமைப்புகள் ஆண்டை இரண்டே இலக்கத்தில் வைத்துக்கொண்டதற்கு நினைவகச் சிக்கனமே காரணம் என்பது வழக்கமான விளக்கம். 80 பத்திகள் கொண்ட துளை அட்டையில் இரண்டு பத்தி மிச்சம் என்பது மெய்தான். ஆனால் நினைவகம் மலிந்த பிறகும் வழக்கம் ஏன் நீடித்தது? அன்றைய அலுவலகப் படிவங்கள் விடை சொல்கின்றன. தேதிக் கட்டத்தில் ‘19’ அச்சிடப்பட்டே இருக்கும். எழுத்தர் மீதி இரண்டு இலக்கத்தை நிரப்புவார். நூற்றாண்டைத் தாள் சுமந்தது. கணினிக்குள் ஏறியது கையால் நிரப்பிய பகுதி மட்டுமே.

நூற்றாண்டை விட்டெழுதுவது கணினி கண்டுபிடித்த பழக்கமன்று. காஷ்மீரத்து லௌகிக ஆண்டுக் கணக்கில் நூறுகளைச் சொல்லாமல் விடுவது மரபு. காஷ்மீர அரசர் வரலாறு கூறும் ராஜதரங்கிணியில் அதன் ஆசிரியர் கல்ஹணர் தம் காலத்தை லௌகிக ஆண்டு 24 என்கிறார். அதோடு நிற்காமல் சக ஆண்டு 1070 என்றும் சேர்க்கிறார். அது கி.பி. 1148–49 என இன்று நாம் ஐயமின்றிச் சொல்ல முடிவது அந்த இரண்டாவது கணக்கால்தான்.

நம் பத்திர எழுத்தர்களும் இதைத்தான் செய்தார்கள். சேத்தியாத்தோப்பு போல, வீராணம் ஏரியும் வெள்ளாற்று அணைக்கட்டும் பாசனம் தரும் வட்டாரத்தில் நிலம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும். பத்திரமும் கூடவே போகும். எடுத்துக்காட்டுக்கு, ஒரு பத்திரத்தில் ‘12-6-55, மன்மத வருஷம் வைகாசி மாதம்’ என்றிருப்பதாகக் கொள்வோம். 55 நூறாண்டுக்கு ஒருமுறை வரும். மன்மத அறுபதாண்டுக்கு ஒருமுறை. தனித்தனியே இரண்டும் ஐயத்துக்கு இடமானவை. சேர்ந்து வந்தாலோ 300 ஆண்டுக்கு ஒருமுறைதான் பொருந்தும். 1855 மன்மத அல்ல, 2055உம் அல்ல. 1955 மட்டுமே. கிராம வருவாய்க் கணக்கில் அது 1364ஆம் பசலி ஆண்டு என்பது மூன்றாவது சாட்சி.

கணினியில் ஏற்றுபவருக்குத் தமிழ் ஆண்டு தேவையற்ற அலங்காரமாகத் தெரிகிறது. அதைத் தள்ளிவிட்டுத் தேதியில் ஆண்டை ‘55’ என்று மட்டும் உள்ளிட்டால், எக்செல் தன் வழக்கப்படி 1955 என்று கொள்ளும். யூனிக்ஸ் வழிவந்த நிரல் நூலகங்கள் 69க்குக் கீழுள்ளவற்றை 2000களைச் சேர்ந்தவையாகக் கொள்வதால் 2055 என்னும். 2000ஆம் ஆண்டுச் சிக்கலுக்காக நம் நிரலர்கள் இரவு பகலாகத் திருத்திய கோபோல் (COBOL) மொழி நிரல்கள் பலவற்றிலும் இதே ஊக முறைதான் புகுந்தது. செலவு குறைவு, வேலை விரைவு. ஆனால் நூற்றாண்டைத் தரவில் எழுதாமல், நிரலுக்குள் ஓர் எல்லை எண்ணாக ஒளித்துவைக்கும் முறையைத் திருத்தம் என்று ஏற்பதற்கில்லை; தவணை நீட்டிப்பு என்பதே பொருந்தும். தேதிகள் ஒரு நூற்றாண்டுக்குள் அடங்கும் சம்பளப் பட்டியலுக்கு அது போதும். மூலப்பத்திரம் தேடும் நில ஆவணத்துக்கு ஆகாது.

எனவே பழைய பத்திரங்களைக் கணினியேற்றும் துறைகள் ஆண்டை நான்கு இலக்கத்தில் பதிவதோடு நிறுத்தக் கூடாது. பத்திரத்தில் கண்டபடியான தேதிக்கு ஒரு பத்தி, தமிழ் ஆண்டுக்கு ஒரு பத்தி, பதிபவர் ஊகித்த ஆண்டுக்கு வேறொரு பத்தி என மூன்றையும் தனித்தனியே வைக்க வேண்டும்.