உகாய்: ஒரு பாலைத் தாவரத்தின் வரலாறு

சங்க இலக்கியத்தில் இடம்பெறும் தாவரங்களுள் பெயர் மட்டும் எஞ்ச, உருவம் மறந்துபோனவை பல. அவற்றுள் உகாய் ஒன்று. ‘பாலை நிலத்து மரவகை’ என்னும் குறிப்போடு அமைந்துவிடும் பதவுரை, பாடலின் நுட்பத்தைப் புலப்படுத்துவதில்லை. தாவரவியலார் சால்வடோரா பெர்சிகா என வழங்கும் தாவரமே உகாய் என்பது அறிஞர் கொள்கை. இக்கொள்கையைப் பாடற்சான்றுகள் எவ்வளவு உறுதிப்படுத்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

உகாய் என்றும் பசுமை மாறாதது. புதராகவும் சிறுமரமாகவும் வளர்வது. வறண்ட கடற்கரைக் காடுகளிலும் உவர்நிலங்களிலும் நிலைத்து நிற்பது. தமிழகத்தில் கோடியக்கரைக் காடு அதன் வாழிடங்களுள் ஒன்று. குசராத்தின் கட்சுப் பகுதி தொடங்கி அரபு நாடுகள், ஆப்பிரிக்கா வரை அது பரவியுள்ளது.

குறுந்தொகை 274ஆம் பாடல் இத்தாவரத்தின் அடிமரத்தைப் புறாவின் முதுகுக்கு உவமிக்கின்றது. சாம்பல் நிறப் பட்டைக்கு இவ்வுவமை முற்றும் பொருந்தும். கனிக்குக் காசு உவமையாகின்றது. காசு என்பதைத் தட்டையான நாணயம் எனக் கொண்டால் உவமை சிதையும். அணிகலனில் கோக்கும் மணி எனக் கொண்டால், பட்டாணியினும் பெரிதாகாத உருண்டைக் கனிக்கு அது நன்கு இயையும். இவ்விடத்தில் சொற்பொருளைத் தெளிவிப்பது தாவரமே ஆகும்.

அப்பாடலில் வழிப்போவாரை எதிர்நோக்கும் ஆறலைகள்வர் உகாயின் கிளையில் ஏறியிருக்கின்றனர். நீர்வேட்கை மிகும்போது அதன் நாரை மென்று தணித்துக்கொள்கின்றனர். இது வெறும் கற்பனையன்று. உகாயின் வேரிலும் குச்சியிலும் கடுகை ஒத்த உறைப்பு உண்டு. மெல்லும்போது உமிழ்நீர் சுரக்கும். நார் தூரிகைபோல் விரியும். அரபு மக்கள் ‘அராக்’ எனப்படும் இதே தாவரத்தின் வேரையும் குச்சியையும் ‘மிசுவாக்’ என்னும் பல்துலக்கியாக நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். பயன் வேறாயினும் இரண்டிடத்தும் நிகழ்வது நாரை மெல்லுதலே.

நற்றிணை 66ஆம் பாடல் உகாய்க்காயின் சுவையை மிளகோடு ஒப்பிடுகின்றது. முன்னர்க் கூறிய உறைப்புக்கு இது மற்றொரு சான்று. அப்பாடல் மரத்தின் உச்சி உலர்ந்திருப்பதாகவும் கூறும். பசுமை மாறாத தாவரமே உச்சி உலர்ந்தது எனின், கோடையின் கொடுமை சொல்லாமலே விளங்கும். குறுந்தொகை 363ஆம் பாடலிலோ, வெம்மையுற்ற விலங்கேறு உகாயின் வரிவரியான நிழலில் தங்குகின்றது. நிழலே அரிதான நிலத்தில் அச்சிறுநிழலும் புகலிடமாகின்றது.

வடநூல்கள் இத்தாவர இனத்தைப் பீலு என வழங்குகின்றன. பீலுப்பழம் பழுக்கும் காலத்தைக் குறிக்கும் சொல்லாக்கத்திற்குப் பாணினி (5.2.24) விதி வகுத்துள்ளார். மகாபாரதத்தின் கர்ண பருவம் வடமேற்கு நிலத்தைப் பீலுக்காடுகளோடு சேர்த்துக் கூறுகின்றது. உகாய் என்னும் தமிழ்ப்பெயரோ ஒலியால் பீலுவோடு தொடர்பற்றது. நேரிற் கண்ட தாவரத்திற்குத் தமிழர் தாமே இட்ட பெயர் அது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

1753இல் லின்னேயசு இட்ட பெயரிலுள்ள ‘பெர்சிகா’ பாரசீகத்தைச் சுட்டுவது. அதுகொண்டு உகாயை அயல்நாட்டுத் தாவரம் எனக் கருதுதல் பிழை. அப்பெயர் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அதன் பட்டை, கனி, சுவை, நிழல், நார் ஆகிய ஐந்தும் தமிழில் பதிவாகிவிட்டன.

உண்மையில் அயலிலிருந்து வந்தது, 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலமே. இன்று வறண்ட கடற்கரை நிலங்களில் அது பரவி, இயல்தாவரங்களின் இடத்தைக் கவர்ந்து வருகின்றது. உகாய் கண்ணிலிருந்து மறையுமாயின், புறாவின் முதுகும் மணியும் வெறும் மரபுவழி உவமைகளாகவே எஞ்சும். ஆகவே எஞ்சியுள்ள உகாய்களைக் காத்தல் சூழலியலார்க்கு மட்டுமன்றித் தமிழாய்வாளர்க்கும் உரிய கடமையாகும்.