வைக்கோற்போரும் குதிரையின் மூச்சும்

குதிரை லாயத்தின் தரையில் விரிக்கப்படும் படுக்கை, பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்தின் உழவோ தொழிலோ கழித்துப்போட்ட பொருளாகவே இருந்துவந்துள்ளது. கோதுமை விளையும் நாடுகளில் கோதுமைத் தாளும், மரம் அறுக்கும் ஊர்களில் மரத்தூளும் லாயத்துக்குள் புகுந்ததைப் போலவே, சென்னைக்கு மேற்கே ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த திருநின்றவூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் கைக்கெட்டிய மலிவான பொருள் வைக்கோலே. ஒவ்வாமை உள்ள குதிரைக்கு மூச்சிரைப்பை வரவழைப்பதும் அதே வைக்கோல்தான் என்பதால், விலைக்கும் தூசிக்கும் இடையிலான இழுபறியாகவே லாயப் படுக்கையின் வரலாறு அமைந்துள்ளது.

தரையைப் பற்றிய அக்கறை இந்திய மரபில் பழமையானது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், குதிரைக் கண்காணிப்பாளரின் கடமைகளைக் கூறும் பகுதியில், குதிரையின் நீளத்தையே அளவாகக் கொண்ட சதுரக் கொட்டில், வழவழப்பான பலகை பாவிய தரை, தீவனத்துக்குத் தனியிடம், சிறுநீரும் இலத்தியும் வெளியேற வழி ஆகியவற்றை விதிக்கிறது. தமிழகத்திலோ குதிரை கடல்கடந்து வந்த விலங்காகவே நெடுங்காலம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுதோறும் 2000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியும் ஆண்டு முடிவில் 100கூட எஞ்சுவதில்லை என்றும், பேணத் தெரிந்தவர் இல்லாமையே அதற்குக் காரணம் என்றும் எழுதினார். அவருடைய எண்ணிக்கையில் மிகை இருக்கலாம் எனினும், வறண்ட பாரசீக, அரேபியக் கரைகளிலிருந்து ஈரக்காற்று வீசும் கடற்கரைக்கு வந்த விலங்கைக் காப்பது எளிதாக இருக்கவில்லை என்பது அக்குறிப்பால் விளங்கும்.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் குதிரைப்படை நிலைபெற்றபோது, சென்னைக்கும் ஆர்க்காட்டுக்கும் இடைப்பட்ட நிலம் படைகள் கடந்துசெல்லும் வழியாயிற்று. 1806 ஜூலை 10 அன்று வேலூர்ப் புரட்சியை அடக்க விரைந்தது ஆர்க்காட்டில் நின்ற குதிரைப்படையே. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுக்கு, அதாவது இன்றைய வாலாஜா ரோடு நிலையத்துக்கு, திறக்கப்பட்ட இருப்புப்பாதையும் திருநின்றவூர் வழியாகவே செல்கிறது. குதிரையைப் பேணும் பணியாளர் வடநாட்டில் சயீஸ் எனவும், சென்னை மாகாணத்தில் குதிரைக்காரர் எனவும் அழைக்கப்பட்டார். வடக்கே புல் வெட்டுவதற்குத் தனியாக ஓர் ஆண் இருந்தார் என்றும், தெற்கே குதிரைக்காரரின் மனைவியே அவ்வேலையைச் செய்தார் என்றும் 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி குறிப்பிடுகிறது. வேரோடு செதுக்கி எடுக்கப்படும் அறுகம்புல், அதாவது செதுக்குப்புல், மண்ணோடு வருமாதலால், அதைத் தட்டி உதறிய பிறகே குதிரையின் முன் போடவேண்டியிருந்தது.

தூசியால் வரும் இளைப்பை மேலை மருத்துவரும் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். மூச்சிரைப்பு நோயைப் பற்றி 1698இல் நூல் எழுதிய ஆங்கில மருத்துவர் ஜான் ஃபிளாயர், இளைப்புற்ற பெண்குதிரை ஒன்றின் நுரையீரல் அளவுக்கு மீறிக் காற்றேறி உப்பியிருந்ததை விவரித்தார். பலபெயர்களால் வழங்கிவந்த இக்கோளாறுகளைக் குதிரை ஆஸ்துமா என்ற ஒரே பெயரின்கீழ்க் கொண்டுவர 2016இல் வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது. நுரையீரலின் ஆழம்வரை செல்பவை 5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களே. அவை தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கைவிடவும் நுண்ணியவை என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. வைக்கோலிலும் உலர்புல்லிலும் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூசணங்களின் வித்துகள் இவ்வளவினவே. ஈரப் படுக்கையிலிருந்து எழும் அம்மோனியாவும் மூச்சுக்குழலை உறுத்துகிறது.

எனவே வைக்கோலில் இருவகைத் தொல்லை உண்டு. தொட்டவர் கையில் அரிப்பை உண்டாக்கும் சுணை அதனோடு பிறந்தது. பூசணமோ காய்ச்சல் போதாமையால், அதாவது சரியாக உலராமையால், பின்னர் வந்து சேர்வது. இவ்வட்டாரத்தின் நெற்பட்டங்களில் நவரை கோடையில் அறுவடையாவதால் அதன் வைக்கோல் வெயிலில் நன்கு காயும். ஆடி ஆவணியில் அறுக்கப்படும் சொர்ணவாரியின் வைக்கோல் மாலை மழையில் நனைய வாய்ப்பு மிகுதி. இதை அறிந்த உழவர், தரையில் கற்களையும் கட்டைகளையும் பரப்பி, அதன்மேல் தாள்களை வெளிப்பக்கம் சரியும்படி அடுக்கி, உச்சியைக் கூம்பாக முடித்துப் போர் போட்டனர். மழைநீர் மேலோடு வழிந்து, உள்வைக்கோல் உலர்ந்தே இருந்தது. மாட்டுக்காக வளர்ந்த இக்கலையால் குதிரையும் பயன்பெற்றது.

ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் 1964இல் தொழிற்பேட்டையும் அமைந்த பின்னர் நகரம் மேற்கே விரிந்து, வயல்கள் சுருங்கின, வைக்கோற்போர்களும் அருகின. அறுவடை எந்திரம் விட்டுச்செல்லும் வைக்கோல், வயலின் ஈரம் உலருமுன் கட்டாகச் சுருட்டப்பட்டால் உள்ளே புழுங்கிப் பூசணம் பிடிக்கிறது. மாற்றுப் பொருள்களுள் செங்குன்றம் அரிசி ஆலைகளின் உமி மலிவானதாயினும், ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. நொய்யும் தவிட்டுத் தூளும் கலந்திருப்பின் புடைத்தோ காற்றில் தூற்றியோதான் பயன்படுத்த இயலும். மரவாடியில் கிடைக்கும் பொருள்களுள் நுண்ணிய மரத்தூளைவிட, இழைப்புளியிலிருந்து சுருளாக விழும் சீவலே தூசி குறைந்தது. தென்னை நார்க்கழிவு தன் எடையைப்போலப் பன்மடங்கு நீரை ஏற்கும். மிகவும் உலர்ந்தால் அதுவும் தூளாய்ப் பறக்குமாதலால் இலேசாக நீர் தெளித்து வைக்கவேண்டும். ரப்பர் பாய்க்கு முதற்செலவு கூடுதல் எனினும், கௌடில்யரின் பலகைத் தரையைப் போல் அடித்தளமாக நின்று, மேலே விரிக்கும் பொருளின் அளவைக் குறைக்கிறது.

ஆகவே மூட்டையின் விலையை மட்டும் வைத்து மலிவைக் கணித்தல் பிழையாகும். ஒரு மூட்டை எத்தனை நாள் உலர்வாக நிற்கிறது என்பதே உண்மையான விலை. கொட்டிலைக் கூட்டும்போது குதிரையை வெளியே கட்டுவதற்குக் காசு செலவில்லை. தூசி மிகுதியாக எழும் நேரமும் அதுவே. ஐப்பசி மழை தொடங்குமுன் கல்லின்மேல் பலகையிட்டுச் சீவல் மூட்டைகளை அடுக்கி, நீர் வழிந்தோடும்படி தார்ப்பாயைச் சரித்துக் கட்டும் இன்றைய குதிரைக்காரர், போர் போட்ட உழவரின் வேலையையே வேறு பொருளைக்கொண்டு செய்கிறார்.